சுடுதண்ணிப் போத்தலில் வந்த நாம்பன்

கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், கண்டி வீதியோரம், என் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே ஒரு லொறிச் சாரதி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் ஒரு தேங்காய். அவருக்கு முன்னால் ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில் சிவப்புத் துணி. அடியில், கம்பம் சாயாமல் முட்டுக் கொடுத்த ஒரு கருங்கல்.

தேங்காயைத் தலையைச் சுற்றி எடுத்து அந்தக் கல்லில் அடித்தார். ஒரே அடி. இரண்டு பாதியும் சுத்தமாகப் பிரிந்து விழுந்தன. கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு வீதியைக் கடந்து என்னிடம் வந்து, திருநீறு இருக்கிறதா என்று கேட்டார்.

நான் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்தக் கம்பம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அது கோயில் இல்லை. எங்கள் ஊர்ப் பூரணம் அக்காவின் மாடு காளை தேடிக் கத்துகிறது என்று அரசாங்கத்துக்கு அறிவிக்கிற கம்பம்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் வந்த யாழ்ப்பாண பஸ், உடைந்த தேங்காயைக் கண்டு தானும் நின்றுவிட்டது.

சாரதிகளைக் குறை சொல்ல முடியாது. முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைக்காமல் அந்த வீதியில் எந்த வண்டியும் போனதில்லை. காட்டுக்குள் ஓடுகிற வீதி. யானை குறுக்கே நிற்கும், அச்சு முறியும், மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். ஓரத்தில் ஒரு கல்லும் சிவப்புத் துணியும் தெரிந்தால், இதை வைத்தது யார், எப்போது வைத்தார்கள் என்று விசாரிக்கிற துணிவு எந்தச் சாரதிக்கு வரும்? விசாரித்துவிட்டுப் போய் அடுத்த வளைவில் ரயர் வெடித்தால்?

பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் இறங்கிக் கும்பிட்டது. கும்பிட்டு முடிய என்னிடம் வந்து தேத்தண்ணி கேட்டது.

அந்தச் சனத்துக்கு நடுவில்தான் அருளப்பு ஐயாவின் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. பின் கரியரில் பிளாஸ்க் என்கிற சுடுதண்ணிப் போத்தல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிற அரசாங்க உத்தியோகத்தர் அவர். பூரணம் அக்கா எதிர்பார்த்திருந்த ஆள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், மரியாதை கூடிப்போன மனிதர். பிள்ளையாருக்கு ஏதோ விசேஷம் என்று நினைத்து, ஒரு கையால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்து, மறுகையால் மோட்டார் சைக்கிளை ஓட்டி, சத்தம் கூட்டாமல் கடந்து போய்விட்டார்.

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவருடைய புகை மட்டும் வீதியில் நின்றது.

கடுதாசிக் கலியாணம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு நான் பின்னுக்குப் போகிறது பழகியிருக்கும்.

அதற்கு முந்திய வருடம், நெல் வெட்டு முடிந்த கையோடு, மிருக வைத்தியர் ஒருவர் எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த ஆட்கள். காட்டை வெட்டி வயலாக்கியிருந்தோம். எங்களிடம் இருந்தவை நாட்டு மாடுகள். ஆட்டை விடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லலாம். கறந்தால் இரண்டு சிரட்டைப் பால். ஆனால் சேற்றில் நிற்கும், கோடையில் காட்டுக்குள் போய்த் தானே மேய்ந்து தானே வீடு திரும்பும், நோய் நொடி என்று யாரையும் கூப்பிடாது.

வைத்தியர் வேறு கதை சொன்னார். மலைநாட்டுப் பண்ணை ஒன்றில் வெளிநாட்டு நாம்பன் நிற்கிறது. நாம்பன் என்பது நாங்கள் காளைக்குச் சொல்லும் பெயர். அதன் விந்தை எடுத்து, ஐஸ் போட்ட சுடுதண்ணிப் போத்தலில் வைத்து இரவு மெயில் ரயிலில் அனுப்புவார்கள். வவுனியாவில் இறக்கி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து உங்கள் பசுவுக்கு ஏற்றுவோம். பிறக்கிற கன்று பெரிதாக வளரும், வாளி வாளியாகப் பால் தரும்.

கடைசி வாங்கில் இருந்த பூரணம் அக்காதான் எழும்பினார்.

"அப்ப நாம்பன் எப்ப ஐயா வரும்?"

நாம்பன் வராது என்றார் வைத்தியர்.

"மாட்டை அங்கை கொண்டு போகவேணுமோ?"

மாடும் போகத் தேவையில்லை என்றார்.

அக்கா விடவில்லை. "அப்ப ரெண்டுக்கும் கடுதாசியிலையோ அலுவல்?"

பள்ளிக்கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவருடைய சொந்தக் கலியாணமே கடிதத்தில் பேசி முடிந்தது. நடக்கக்கூடிய ஒன்று என்று நினைத்துத்தான் கேட்டார்.

வைத்தியர் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிபட்டது. நாம்பன் நல்லதா என்பதை நாம்பனைப் பார்த்துச் சொல்ல முடியாதாம். அதன் தாய் எவ்வளவு பால் கறந்தது என்று பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையைப் பார்க்க முதல் தாயை விசாரிக்கிற பகுதியல்லவா நாங்கள். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே 'போத்தல் மாப்பிள்ளை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒரு நிபந்தனை இருந்தது. போத்தல் வர முதல், ஊரில் உள்ள நாட்டு நாம்பன்கள் எல்லாவற்றுக்கும் நலமடிக்க வேண்டும். காயடிப்பதற்கு எங்கள் பகுதியில் நலமடிப்பது என்று பெயர். நலம் யாருக்கு என்பதை நாம்பனிடம்தான் கேட்க வேண்டும்.

அடித்தார்கள். அந்தக் கோடை முடிய, எங்கள் பக்கத்தில் நாம்பன் என்று சொல்லத்தக்க ஒரே ஆள் என் கடைச் சுவரில் இருந்தார். மிருக வைத்தியத் திணைக்களம் ஒட்டச் சொல்லித் தந்த படம் அது. கறுப்பும் வெள்ளையுமாக, மூக்கில் வளையத்தோடு, பெரிய வியாபாரி மாதிரி நிற்பார். சில பெண்கள் கடைக்கு வந்தால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். சிலர் நன்றாகப் பார்ப்பார்கள். யாரோ அவருக்குக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை. பல வருடம் கழித்து, அதே திணைக்களத்திலிருந்து வேறொரு இளம் உத்தியோகத்தர் வந்து என் கடையில் இருந்தார். வன்னி நாட்டு மாட்டினம் அழிந்து போகிறதாம், அதைக் காப்பாற்ற வேண்டுமாம், நலமடிக்காத சுத்தமான நாட்டு நாம்பன் ஒன்று எங்கே கிடைக்கும் என்று மிகுந்த கவலையோடு கேட்டார். நான் அவருக்கு இரண்டாவது தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

செவலை

பூரணம் அக்காவின் மாடு சிவத்தப் பசு. செவலை என்று கூப்பிடுவார். அவருடைய தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. மாங்குளம் வரை ரயிலிலும் பிறகு மாட்டுக் கரத்தையின் பின்னால் நடையிலுமாக வந்து சேர்ந்தது. காணி உறுதி புருஷனின் பெயரில். வீடு அரசாங்கம் கட்டித் தந்தது. இந்த வன்னியில் கையை வைத்து இது என்னுடையது என்று அக்கா சொல்லக்கூடியது செவலை ஒன்றுதான்.

அந்தச் செவலை இரண்டு மாரியாகக் கன்று போடவில்லை. கன்று இல்லை, பாலும் இல்லை.

அக்காவின் புருஷன் சின்னராசா அண்ணை கெட்டவரில்லை. கதையைச் செலவழிக்க விரும்பாதவர். கிணற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் வாளியை இறக்குகிற மாதிரி, பார்த்துப் பார்த்து ஒரு சொல்லை இறக்குவார். ஒருநாள் என் கடை வாங்கில் இருந்து, யாருக்கென்றில்லாமல் சொன்னார்.

"தைப்பொங்கல் கழிய மாட்டு வியாபாரி வருவான். அதுக்குள்ள சினைப்பட்டால் சரி. இல்லாட்டி அவள் என்ன சொன்னாலும் குடுக்கிறது குடுக்கிறதுதான்."

வியாபாரி கொண்டு போகிற மலட்டு மாடு எங்கே போகும் என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்காவுக்கும் தெரியும்.

பசு கத்துவது ஒருநாள். அன்று தவறினால் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். வவுனியா அரசாங்கக் கந்தோருக்குச் செய்தி அனுப்பி ஆள் வருவதற்குள் அந்த ஒருநாள் போய்விடும். ஆகவே அருளப்பு ஐயா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். போத்தல் வருகிற நாட்களில் காலையில் கண்டி வீதியால் வருவார். மாடு கத்துகிற வீட்டுக்காரர் வீதியோரம் கம்பம் நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கண்டால் அந்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்புவார்.

அக்காவுக்கு இது பெரிய ஆறுதல். மாடு கத்துகிறது என்று பிற ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு பெண் வாய் திறந்து சொல்வதில்லை. துணி சொல்லிவிடும்.

துணி சொன்னது. ஆனால் யாழ்ப்பாணம் முழுவதற்கும் வேறு எதையோ சொல்லிவிட்டது.

வெள்ளைத் துணியின் கதை

முதல் தேங்காய் உடைந்த பிறகு அந்தக் கம்பம் அக்காவின் கையை விட்டுப் போய்விட்டது. போகிற வருகிறவர்கள் நேர்த்திக்குத் துணி கட்டினார்கள். கல்லுக்குச் சந்தனம் வந்தது. ஒரு குத்துவிளக்கும் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் தேங்காய் உடைத்த அந்த லொறிச் சாரதியை, கந்தையா அண்ணை என்று பெயர், அடுத்த தரம் மறித்து, அண்ணை, இது மாட்டுக்கு நட்ட கம்பம் என்றேன். அவர் கண்ணைப் பெரிதாக்கினார். மாட்டுக்கும் பார்க்கிறாரா பிள்ளையார் என்றார். தன் வீட்டிலும் ஒரு பசு சுகமில்லாமல் நிற்கிறதாம். அன்றைக்கு இரண்டு தேங்காய் உடைத்தார்.

இதற்குள் அருளப்பு ஐயா வருகிற நாளெல்லாம் சிவப்புத் துணியைக் கண்டு ஒழுங்கைக்குள் திரும்பத் தொடங்கினார். ரப்பர் உறையை முழங்கைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராகப் போவார். செவலை அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிவிடும். சில தரம் பார்த்துப் பொறுமை குறைந்து, ஆனால் மரியாதை குறையாமல், இனிமேல் வெள்ளைத் துணி கட்டுங்கோ என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தரம் செவலை பொழுதுபடக் கத்தத் தொடங்கியது. அக்கா பழைய வேட்டியைக் கிழித்து, கோயில்காரரின் கம்பத்தை விட்டு, தன் ஒழுங்கை முகப்பில் வேறு தடி நட்டு வெள்ளை கட்டினார்.

எங்கள் ஊர்களில் ஒழுங்கை முகப்பில் வெள்ளை கட்டினால் உள்ளே செத்த வீடு. இதை அருளப்பு ஐயாவும் மறந்தார், அக்காவும் மறந்தார், நானும் மறந்தேன். கடைசி பஸ்ஸின் கொண்டக்டர் மறக்கவில்லை. விடிய, நெடுங்கேணியிலிருந்து அக்காவின் மாமி தலையிலடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

மாமி ஒழுங்கை முழுக்க அழுதுகொண்டே போனார். சின்னராசா அண்ணையின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். அவ்வளவு குணம் அவருக்கு இருந்தது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். சின்னராசா அண்ணை வேலியடியில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றார். மாமி கண்டுவிட்டார். கண்ட பிறகும் அழுகை உடனே நிற்கவில்லை. வந்த வேகம் அப்படி.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்தது. வெள்ளைத் துணி தெரிகிறது, சொன்னபடிதான். ஆனால் உள்ளே பெண்கள் அழுகிற சத்தமும் கேட்கிறது. அருளப்பு ஐயா இயந்திரத்தை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். செத்த வீட்டைக் குழப்பக்கூடாது என்று மோட்டார் சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டு, என் கடையையும் தாண்டி, சத்தம் கேட்காத தூரம் போன பிறகுதான் ஏறினார்.

நான் அப்போது அந்த அழுகிற கூட்டத்துக்குள், யாரும் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

மாமியை ஏற்றி அனுப்பிவிட்டு அக்கா என் கடைக்கு வந்தார். வாங்கில் இருக்கவில்லை. நின்றபடி, இன்னும் ஒருக்கால்தான் இருக்குத் தம்பி என்று மட்டும் சொன்னார். நானும் கணக்குப் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு முதல் செவலை கத்துவது இன்னும் ஒரே ஒருதரம்தான்.

நிறமில்லாத சாமான்

அன்று பின்னேரம் கடையில் பெரிய ஆலோசனை. அக்கா, நான், தேங்காய் வியாபாரி ஹனிபா நானா. நானா முல்லைத்தீவு ஆள். கிழமைக்கு ஒருதரம் என் கடையில் ஒரு சாக்குத் தேங்காய் இறக்கி வந்தவர், இப்போது கரத்தை நிறைய இறக்குகிறார். கம்பத்தைப் பற்றிய உண்மை அவருக்கும் தெரியும். தன் வாயால் அதைச் சொல்லிக் கோயிலைக் குழப்புவது சரியில்லை, அதோடு வியாபாரமும் நடக்கிறது என்று இரண்டு பக்கத்தாலும் சங்கடப்பட்டார்.

சிவப்புப் பிள்ளையாருக்குப் போய்விட்டது. வெள்ளை செத்த வீட்டுக்கு. பச்சை கட்டலாமே என்றேன். அது ஒரு கட்சி, தேர்தல் வேறு வருகிறது என்றார் அக்கா. நீலம் மற்றக் கட்சி. மஞ்சள் கட்டினால் வீட்டில் யாரோ பெரியபிள்ளை ஆகிவிட்டது என்று மாமி சீர்வரிசையோடு வருவார். கறுப்பு என்று நான் தொடங்கியபோது இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

உலகத்தில் இருக்கிற நிறம் எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு நிறம் மிச்சமில்லை.

"நிறமில்லாத சாமான் ஒண்டைக் கட்டுங்கோவன்" என்றார் நானா. என் குசினிக்குள் போய், வெறும் மண்ணெண்ணெய்த் தகர ரின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதை ஆரும் கும்பிடவும் மாட்டினம். இதுக்கு அழவும் மாட்டினம்."

நான் வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனபோது அருளப்பு ஐயாவைக் கண்டு சொன்னேன். வெறும் ரின் தொங்கினால் வாருங்கோ. கூட்டம் நின்றாலும், அழுகை கேட்டாலும் வாருங்கோ. அவர் ஒத்துக்கொண்டார். அழுகை கேட்டாலுமா என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

மார்கழிப் பொங்கல்

மார்கழியில் பிள்ளையார் கதை படித்து முடிக்கிற நாள். கண்டி வீதிச் சாரதிகள் எல்லாரும் சேர்ந்து, அந்தக் கம்பத்தடியில் பொங்குவதென்று தீர்மானித்திருந்தார்கள். லொறியில் நாதஸ்வரமும் தவிலும் வந்து இறங்கின. மூன்று பஸ்கள் வரிசையாக நின்றன. பானைகள் ஏறின. கந்தையா அண்ணையின் லொறிக் கிளீனர் ஈர வேட்டியோடு பூசாரியாகிவிட்டான். அவனை யாரும் நியமிக்கவில்லை. ஈர வேட்டி கட்டியிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அன்றைக்கு விடியப் பார்த்துச் செவலை கத்தியது.

அக்கா ரின்னைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து என் கடையோரம் நின்றார். அந்தச் சனத்தைப் பார்த்தார். தன் கம்பத்தைப் பார்த்தார். ஒழுங்கை முகப்பில் தடி நடுவதற்கும் இடமில்லை, பஸ் நிற்கிறது. பிறகு சனத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கம்பத்தில் ரின்னைக் கொழுவினார்.

கொழுவி முடியவில்லை, கந்தையா அண்ணை ஒரு தடியை எடுத்து அதில் அடித்தார். கணீரென்று கேட்டது. கோயிலுக்கு மணி வந்துவிட்டது என்று சனத்துக்கு ஒரே சந்தோஷம். முறை வைத்து அடித்தார்கள்.

அருளப்பு ஐயா அந்தச் சத்தத்தை வளைவுக்கு அப்பாலேயே கேட்டிருக்க வேண்டும். வந்தார். சனத்தைக் கண்டார். கை தானாகத் தொப்பிக்குப் போனது. ஆனால் ரின்னையும் கண்டுவிட்டார். வாக்குக் கொடுத்த மனிதர். இறங்கினார், போத்தலை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்தார், நடந்தார்.

அபிஷேகத்துக்குப் பால் வருகிறது, வழி விடுங்கோ என்று யாரோ சொன்னார்கள். உடனே வழி பிறந்தது. போத்தல் அவர் கையிலிருந்து ஒருவர் கைக்கும், அங்கிருந்து இன்னொருவர் கைக்கும் போனது. அருளப்பு ஐயா "அது வந்து, அது வந்து" என்று பின்னால் போனார். பிடுங்குவதற்கு மரியாதை விடவில்லை. கிளீனர் பக்தியோடு மூடியைத் திருகினான். ஐஸின் குளிர்ப் புகை கொஞ்சம் எழுந்தது. அரோகரா என்றது சனம். அவன் போத்தலைக் கல்லுக்கு மேலே தூக்கினான்.

"தம்பி, அதை ஊத்தாதை."

பூரணம் அக்கா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தவில் நின்றுவிட்டது.

"அது பாலில்லை. என்ரை மாட்டுக்கு வந்தது. இந்தக் கம்பம் நான் நட்டனான். துணி என்ரை சீலையில கிழிச்சது. கல்லு நான் குளக்கட்டிலயிருந்து தூக்கியந்தது. மாடு கத்தினா ஐயாவுக்குத் தெரியவேணுமெண்டு நட்டது. ரெண்டுதரம் தவறிப்போச்சு. இண்டைக்கும் என்ரை மாடு கத்துது. இண்டைக்குத் தவறினா அதைக் குடுத்துப்போடுவினம்."

மூன்று பஸ் ஆம்பிளைகளுக்கு முன்னால் சொன்னார். முகத்துச் சிவப்பு காது வரை போயிருந்தது. தலை குனியவில்லை. பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த சின்னராசா அண்ணைதான் குனிந்தார்.

பிறகு கந்தையா அண்ணை தொண்டையைச் செருமினார்.

"கல்லு நீங்கள் வைச்சதாய் இருக்கட்டும் பிள்ளை. வந்து இருக்கிறது அவர்தானே. மாடு எங்கை?"

வீட்டில் என்றார் அக்கா.

"இஞ்சை கொண்டு வாங்கோ. போத்திலைத் திறந்து போட்டம்."

அருளப்பு ஐயா ஓமோம் என்றார். திறந்தது திறந்ததுதான், சுணங்கக் கூடாது. அக்கா செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். மாட்டை அசையாமல் கட்டுவதற்கு ஒரு கம்பம் வேண்டும். கம்பம் நின்றது.

அப்போது ஒரு சங்கடம். இவ்வளவு சனத்துக்கு முன்னால் எப்படி? யாழ்ப்பாண பஸ்ஸின் கொண்டக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாரும் காட்டுப் பக்கம் திரும்புங்கோ என்று கட்டளை இட்டார். திரும்பினோம். மூன்று பஸ் சனமும், லொறிக்காரரும், மேளக்காரரும், ஹனிபா நானாவும், நானும், அகப்பையைப் பிடித்த கையோடு பொங்கல் கிண்டிய பெண்களும் மேற்குப் பார்த்து வரிசையாக நின்றோம். எதிரே பாலை மரங்கள். சிலர் பழக்கத்தில் கை கூப்பியிருந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் அருளப்பு ஐயாவின் குரல் கேட்டது. வாலைப் பிடித்துக்கொள்ளுங்கோ அம்மா என்கிறார். ஓம் ஐயா என்கிறார் அக்கா. பொங்கல் ஒருபக்கம் வழிந்து அடுப்பில் சீறுகிறது. யாரும் திரும்பவில்லை.

"முடிஞ்சுது" என்றார் அருளப்பு ஐயா.

கெட்டிமேளம் முழங்கியது.

அது ஏன் என்று பிறகு நான் தவில்காரரைக் கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் பேசாமல் நிற்கிறார்கள், நேரம் ஆகிறது, ஒருவர் முடிஞ்சுது என்கிறார், கை தன்பாட்டில் போய்விட்டது தம்பி என்றார். மேளம் கேட்டதும் பெண்கள் திரும்பிக் கையில் இருந்த பொங்கல் அரிசியை எறிந்தார்கள். மாட்டின் முதுகிலும் அக்காவின் தலையிலும் அரிசி. அருளப்பு ஐயா உறை போட்ட கையை ஒருபுறம் நீட்டிப் பிடித்தபடி, மற்றக் கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

கத்தினதோ

அதன் பிறகுதான் உண்மையான சோதனை. மூன்று கிழமையில் செவலை திரும்பக் கத்தினால் பிடிக்கவில்லை. கத்தாவிட்டால் பிடித்ததாக வைத்துக்கொள்ளலாம். நிச்சயம் என்று எவராலும் சொல்ல முடியாது. மலட்டு மாடும் சில வேளை பேசாமல் இருந்துவிடும்.

கண்டி வீதி முழுவதும் காத்திருந்தது. கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகிற லொறிகள் என் கடையடியில் வேகம் குறைக்கும். "கத்தினதோ?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். ஒரு கும்பிடு, ஒரு ஹோர்ன், போய்விடுவார்கள். ஆனையிறவில் உப்பு ஏற்றுகிறவர்கள் கூட, முகம் தெரியாதவர்கள், கேட்டுவிட்டுப் போனார்கள். தைப்பொங்கல் நெருங்க நெருங்க அக்கா அடுப்பில் எதையும் தாளிக்கவில்லை. சத்தத்தில் மாடு கத்துவது கேட்காமல் போய்விடும் என்ற பயம்.

முடிவு தெரிந்தவன் நான், இப்போதே சொல்லிவிடுகிறேன். புரட்டாதியில் செவலை கன்று போட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, தாயின் தோளுக்கு வந்துவிடுமோ என்று பயப்படும்படி கால் நீண்ட கன்று. நாம்பன் கன்று. வெயில் தாங்காது, இரண்டு மழைத்துளிக்கு இருமும், காட்டைக் கண்டால் வீட்டுக்கு ஓடி வரும். அதன் தொல்லைகளை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது.

ஆனால் அந்தத் தை மாதத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்று எங்களிடம் இருந்தது கத்தாத ஒரு மாடு மட்டும்.

பொங்கல் கழிய வியாபாரி வந்தார். தோளில் கயிற்றுச் சுருள். என் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சின்னராசா வீடு எது என்று கேட்டார். நான் கடையை நானாவிடம் விட்டுவிட்டு, வழி காட்டுகிறேன் என்று கூடப் போனேன். வழி என்று ஒன்றுமில்லை, ஒரே ஒழுங்கைதான்.

சின்னராசா அண்ணை வேலியில் கதியால் தடி கட்டிக்கொண்டிருந்தார். வியாபாரியைக் கண்டும் கட்டுவதை நிறுத்தவில்லை. செவலை தன் கொட்டிலான மாலில் நின்று அசைபோட்டது. வியாபாரி எட்டிப் பார்த்து, நாலு பக்கமும் நோட்டம் விட்டார். தைக்குத் தருவதாகச் சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினார். சினை என்று ஊர் சொல்லும், கத்தாமல் நின்றால் மட்டும் சினை ஆகிவிடாது, தான் எத்தனை மாட்டைப் பார்த்தவர் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அண்ணைக்கும் அது தெரியும்.

அண்ணை கதியாலை இறுக்கிக் கட்டி, மிச்சக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சொன்னனான். ஆனால் அது என்ரை மாடில்லை. அவாவைக் கேளுங்கோ."

வியாபாரி மாட்டு மாலின் பக்கம் திரும்பினார். அக்கா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாடு குடுக்கிறதுக்கில்லையெண்டு சொல்லுங்கோ. வெயிலுக்குள்ள வந்திருக்கிறார், மோர் குடிச்சிட்டுப் போகட்டும். மோர் நான் அடுத்த வீட்டிலை வாங்கியாறன்."